நல்ல நாளில் உட்கார்ந்தவள்

வலிக்கிறது என்று சொல்லி வருகிறவரின் முகத்தை உற்றுப் பார்க்கும் பழக்கத்தை முதலில் விடுங்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நர்ஸாக வருகிற எல்லாப் பெண்களும் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே இதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. காலையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் யாருக்கு நிஜமாக முடியவில்லை, யார் லீவுக்காக வந்திருக்கிறார் என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம் என்ற திமிர் தானாக வந்துவிடும். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் இருக்கிறது. எலும்பு என்றால் எக்ஸ்ரே இருக்கிறது. வருஷக்கணக்காக ஒட்டிக்கொண்டிருக்கிற வலியை அளக்க ஒன்றும் கிடையாது. அதனால் நம்முடைய சந்தேகத்தையே கருவியாக எடுத்துக்கொள்கிறோம். அது கருவி இல்லை. அது அயோக்கியத்தனம்.

நான் ஊட்டியில், காந்தலில் பிறந்தவள். வேலை பார்த்த காலம் முழுவதும் குன்னூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்றார்கள். மேடையில் பேச எனக்கு வராது, வாய் கொஞ்சம் மோசம், எழுதித் தருகிறேன் என்றேன். ஊசி போடுவதையும் கட்டுப் போடுவதையும் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். பூவாத்தாள் என்ற ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீண்ட நாள் வலியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவளிடமிருந்து வந்தது.

பூவாத்தாள் கொழுந்து எடுப்பவள். அப்போது நாற்பது வயது இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் மழையில் ஊறிக் கிடந்த சரிவில் இலைப்பையோடு இறங்கும்போது வழுக்கி, முதுகு கல்லில் அடிக்க விழுந்திருந்தாள். கோயமுத்தூர் வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. எண்ணெய் போட்டாள், சுளுக்கு எடுக்கிறவரிடம் போனாள், கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு முறையும் இதோடு சரியாகிவிடும் என்று நம்புவாள். சரியாகாதபோது வலியோடு சேர்ந்து அந்த நம்பிக்கையும் செத்துப்போகும். இதையும் கவனியுங்கள். நம்மிடம் வருவதற்குள் அவர்கள் பல முறை ஏமாந்திருப்பார்கள்.

அவள் கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் ஜோதி, குன்னூருக்குப் பஸ்ஸில் போய் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். லைன் என்று சொல்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் அவர்கள் இருந்த வீடு பூவாத்தாளின் வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. வேலை இருக்கும்வரை வீடு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்தால் பெஞ்சில் இருக்கும் எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவாள். "என்ன பூவாத்தா, முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்டால், "அது நல்லா இருக்குதுங்க. உங்களைத்தான் விசாரிச்சுது. சிஸ்டர் என்ன ஒரு வாரமா ஆளையே காணோம், பாத்துட்டு வரலாம்னு என்னைய இழுத்துட்டு வந்திருச்சு" என்பாள். மருந்து கொடுக்கும் கம்பவுண்டர் உள்ளே வந்து என் காதில் சொல்வார்: "இப்படிச் சிரிக்கறவளுக்கு வலியா சிஸ்டர்? நல்லாப் பாருங்க."

வலி இருக்கிறவள் சிரிக்கக் கூடாதாம். சிரித்தால் நம்ப மாட்டார்களாம். அழுதால் நாடகம் என்பார்கள். சும்மா இருந்தால், ஒன்றும் இல்லாததால்தான் சும்மா இருக்கிறாள் என்பார்கள். பிறகு எந்த மூஞ்சியோடு அவள் வர வேண்டும்? பூவாத்தாள் சிரித்தது வலி இல்லாததால் அல்ல. சிரிக்கிற நேரத்துக்கு வலி கொஞ்சம் பின்னால் போய் நிற்கும். அவ்வளவுதான். அவள் சிரிக்காமல் வந்த நாட்களில்தான் எனக்குப் பயமாக இருக்கும்.

அவளிடம் ஒரு பெரிய தப்பு இருந்தது. அதைத் தேயிலைக் காட்டில்தான் செய்ய முடியும். கையால் கிள்ளுவது போய்க் கத்தரியால் கொழுந்து வெட்டும் வழக்கம் வந்திருந்தது. அன்றைய வேலை முடிந்தால் எல்லோர் பையும் தராசில் தொங்கும். எல்லோர் முன்னாலும் எடையைச் சத்தமாகச் சொல்வார்கள். உங்கள் உடம்பு அன்றைக்கு எப்படி இருந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். பூவாத்தாளுக்குத் தொடர்ந்து மோசமான நாட்கள் வரும். பை பாதிகூட நிறையாது. மற்றவர்கள் பார்ப்பார்கள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வார்கள். அது அவளுக்கு முதுகு வலியைவிட மோசம். பிறகு ஒரு நல்ல நாள் வரும். வலி குறைவாக இருக்கும். அன்றைக்கு வெறி பிடித்தவள் மாதிரி வெட்டுவாள். ஒரு வாரம் பட்ட அவமானத்தை ஒரே நாளில் துடைத்துவிடப் பார்ப்பாள். பை பிதுங்கும். அடுத்த நாள் பாயை விட்டு எழுந்திருக்க முடியாது.

அவள் வேலை செய்த காட்டில் ஆட்களை மேற்பார்க்கும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். ஒருநாள் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், நேத்து அவ வெட்டுன வேகத்துக்குப் பக்கத்துல நின்னவளுக எல்லாம் மூச்சு வாங்குனாளுக. இன்னிக்கு எந்திரிக்க முடியலையாம். நான் என்ன காதுல பூ வெச்சிருக்கனுங்களா?"

"நேத்து அப்படி வெட்டினதாலதான் இன்னைக்கு முடியலை."

"அதெப்படிங்க? முடியறவளுக்கு முடியும், முடியாதவளுக்கு முடியாது."

மேஸ்திரி கெட்டவர் இல்லை. அவர் சொன்னதைத்தான் உலகமே சொல்கிறது. நேற்று முடிந்தது என்றால் இன்றும் முடிய வேண்டும். நாட்பட்ட வலிக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தன்னை நம்ப வைக்கப் பூவாத்தாள் செய்த காரியமே அவளை யாரும் நம்பாமல் செய்தது. உடம்பையும் கெடுத்தது.

வாரம் ஒருமுறை குன்னூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். பெயர் எழுத மாட்டேன், எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதிகம் பேச மாட்டார். என்னிடமும் சிடுசிடுவென்றுதான் இருப்பார். எங்கள் இரண்டு பேருக்கும் அதனாலேயே ஒத்துப்போயிற்று. ஒருமுறை நான் பூவாத்தாளிடம், "வலி எவ்வளவு இருக்கு, ரொம்பவா, கொஞ்சமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது குறுக்கே புகுந்தார்.

"அப்படிக் கேட்டா அவ உன்கிட்ட நிரூபிக்கத்தான் பாப்பா. நேத்து என்ன செஞ்சே, இன்னைக்கு எதைச் செய்யாம விட்டேன்னு கேளு."

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வலியின் அளவை முதலில் கேட்டதில்லை. நாளைக் கேட்பேன். எப்போது எழுந்தாய், தண்ணீர் யார் எடுத்தார்கள், யாரோடு சண்டை போட்டாய், எதை நினைத்துத் தூங்கவில்லை. வலி எங்கே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது அதில் தானாகத் தெரிந்துவிடும்.

அந்த வருஷம் ஐப்பசி மழை சமயத்தில், தோட்டத்தில் எல்லோரும் தொரை என்று கூப்பிடுகிற மானேஜர் ஒரு முடிவுக்கு வந்தார். நல்ல மனுஷர். கத்த மாட்டார், யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். பூவாத்தாளால் முடியவில்லை, பாவம், அவளை உடல் தகுதி இல்லை, அன்பிட், என்று எழுதி நிறுத்திவிடலாம், மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, அம்மாவின் பேரில் இருக்கும் வேலையை மகளுக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம், வீடும் அப்படியே இருக்கும் என்றார். ஜோதி ஒரு வருஷம் பிந்திப் பள்ளியில் சேர்ந்தவள், அதனால் வயது சரியாக இருந்தது. எங்கள் தோட்டங்களில் இது வழக்கம்தான். லைனில் எல்லோரும் பூவாத்தாளுக்கு அதிர்ஷ்டம் என்றார்கள். கெட்டவன் செய்கிற அநியாயத்தை எதிர்த்துச் சத்தம் போடலாம். நல்லவர் இரக்கப்பட்டுச் செய்கிறதை என்ன சொல்லித் தடுப்பது?

அந்த வாரம் பூவாத்தாளின் வலி ஏறிவிட்டது. குடத்தைக்கூடத் தூக்க முடியவில்லை. கம்பவுண்டருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீங்களா சிஸ்டர், விஷயம் காதுல விழுந்ததும் வலி கூடுது. எல்லாம் மனசுதான்."

மனசுதான் என்றால் பொய் என்று அர்த்தமா? மழையில் வழுக்கும் சரிவில் இறங்கும்போது உடம்பு முழுவதும் எப்படி இறுகிக்கொள்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த இறுக்கத்தோடு இரவும் பகலும் இருந்து பாருங்கள். தூக்கம் இல்லாமல் இருந்து பாருங்கள். அடிபட்ட இடம் சும்மா இருக்குமா? பயம் வலியைக் கூட்டும். கூடிய வலி நிஜ வலி. இதைக் கம்பவுண்டருக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. உங்களுக்காவது புரிந்தால் சரி.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் அவள் வந்தாள். பெஞ்சில் யாரையும் சிரிக்க வைக்கவில்லை. நேராக உள்ளே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஊசி போடுங்க சிஸ்டர்."

"எதுக்கு?"

"இப்ப இல்லைங்க. வெள்ளிக்கிழமை காலையில. அன்னிக்குத் தொரை எங்க காட்டுக்கு வர்றாராம். டாக்டரம்மாவும் வர்றாங்களாம். எம்பட கதையை அங்கயே முடிவு பண்ணப்போறாங்க. ஒரே ஒரு நாளு நான் நிமுந்து நின்னு வெட்டிக் காட்டோணும்."

"காட்டிட்டு?"

"காட்டிட்டா அன்பிட்டுன்னு சொல்ல முடியாதில்லைங்க."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமையைச் சனிக்கிழமை பாத்துக்கலாம்."

"பாத்துக்க என்ன இருக்கு? படுத்துக் கிடப்பே. மேஸ்திரி தொரையைக் கூட்டிட்டு வந்து, பாருங்க நேத்து ஆடினா, இன்னைக்குக் கிடக்கறான்னு காட்டுவாரு."

"உங்களுக்கென்னங்க. ஊசி உங்க கையில, சாவி உங்க இடுப்புல. உங்க முதுகுல எலைப்பை தொங்கியிருந்தாத் தெரியும்."

"தொங்கலை. அதனாலதான் என் மண்டை வேலை செய்யுது. டாக்டரைக் கேக்காம ஊசி கிடையாது. கேட்டாலும் இதுக்குப் போடச் சொல்ல மாட்டாங்க."

திட்டினாள். நானும் திட்டினேன். கம்பவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திட்டி முடித்த பிறகு அவள் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை, அதில் பாதி சாய்ந்துகொண்டாள்.

"வலி உன்னை என்ன பண்ணிடும்னு இப்படிப் பயப்படறே?" என்று கேட்டேன்.

"வலி என்னை என்னங்க பண்ணும்? அதுகூடக் குடும்பமே நடத்தியாச்சு." முதுகைக் கையால் தாங்கிக்கொண்டாள். "நேத்து ஊட்டுக்குள்ள போறேன். எம்புள்ள கண்ணாடிக்கு முன்னால நின்னு எம்பட எலைப்பையைத் தோள்ல மாட்டிப் பாத்துட்டு இருக்கறா. என்னைப் பாத்ததும், எனக்கு நல்லாத்தாம்மா இருக்குதுங்கறா. நான் மாட்டிக்கறேன், நீ படுத்துக்கோங்கறா. அதைப் பாக்கறதுக்கா நான் இத்தன நாளு எந்திரிச்சு எந்திரிச்சு வேலைக்குப் போனேன்?"

அப்போதுதான் எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவள் வலி போக வேண்டும் என்று கேட்கவில்லை. மார்ச் மாதம் பரீட்சை. அதுவரை மகள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மேலே படிக்க வேண்டும். அதற்கு இந்த முதுகு வேலைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் அமோகமாக வர வேண்டிய அவசியமில்லை. தினமும் வந்தால் போதும்.

"நீ நல்லா இருக்கற அன்னைக்கு நிறுத்தணும்," என்றேன். "மோசமா இருக்கற அன்னைக்கு உடம்பே உன்னை நிறுத்திடுது. நல்ல அன்னைக்கு நிறுத்த ஆள் இல்லை."

"நல்லா இருக்கறப்ப எதுக்குங்க நிறுத்தோணும்?"

"மறுநாளும் எந்திரிக்கறதுக்குத்தான்."

அவளுக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து வெட்டுகிறவள் செவனம்மா. இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பம். வயதானவள், கை வேகம் குறையவில்லை, கண் மட்டும் மங்கியிருந்தது. பையில் முற்றின இலையும் குச்சியும் கலந்துவிடும். எடை போடும் இடத்தில் அதைக் கொட்டிக் காட்டி மானத்தை வாங்குவார்கள். அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். பூவாத்தாளும் வந்தாள். நான் ஒரு ஏற்பாட்டைச் சொன்னேன். ஒவ்வொருத்திக்கும் வெட்டுவதற்கு ஒரு நிரை, அதாவது ஒரு செடி வரிசை, கொடுப்பார்கள் அல்லவா, அதில் பாதி வரை பூவாத்தாள் வெட்ட வேண்டும். பாதியில் நிற்கும் செடியில் துணி கட்டிவிட வேண்டும். அங்கே வந்ததும் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கத்தரியைக் கீழே வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், முதுகை நீட்ட வேண்டும். மீதிப் பாதியைச் செவனம்மா வெட்டுவாள். இரண்டு பையிலும் இருக்கிற குச்சியையும் முற்றலையும் பூவாத்தாள் பொறுக்கி எடுப்பாள்.

"நீ ஒண்ணும் எனக்குப் பிச்சை போடுறாப்புல நெனைக்காத புள்ள," என்றாள் செவனம்மா. "எங் கண்ணுக்குக் குச்சியும் தெரியல்ல, கொழுந்தும் தெரியல்ல. அந்தத் தராசுக்காரன் எல்லாருக்கும் முன்னுக்கு என்னய ஏசுறான். நீ பொறுக்கிக் குடு, நான் வெட்டிக் குடுக்கிறேன். சமம்."

சமம் என்ற அந்த வார்த்தைக்குத்தான் பூவாத்தாள் ஒத்துக்கொண்டாள். இதற்கு முன்னால் லைன் பெண்கள் அவளுக்குத் தெரியாமல் அவள் பையில் இலை போட்டு உதவியிருக்கிறார்கள். அது தெரிந்த அன்று சோறு தின்னாமல் படுத்தவள் அவள். வலியோடு வாழ்கிறவர்களுக்கு உதவி செய்கிறேன் என்று அவர்களிடமிருந்து எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவர்கள் திருப்பிச் செய்ய ஏதாவது ஒன்றை விட்டு வையுங்கள்.

முதல் நாள் ஒழுங்காக நிறுத்தினாள். அன்றைக்கு வலி. இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை என்றதும் துணி கட்டிய செடியைத் தாண்டிப் போய்விட்டாள். செவனம்மா காட்டிலேயே கத்தி ரகளை பண்ணியிருக்கிறாள். டாக்டரம்மாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நிறுத்துவாளா?" என்று கேட்டார்.

"தெரியலைங்க டாக்டர்."

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சுடும்."

வெள்ளிக்கிழமை மழை விட்டு நல்ல வெயில். கொழுந்து மினுமினுவென்று வந்திருந்தது. இருக்கிற நாளில் அன்றைக்குப் பார்த்து அவள் முதுகு நன்றாக இருந்தது. தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தோளை இறுக்காமல் கத்தரியை வீசிக்கொண்டு வந்தாள். மோசமான நாளாக இருந்திருந்தால் அவள் தானாக நின்றிருப்பாள். இன்றைக்கு நிற்க வேண்டுமானால் மானேஜர், டாக்டர், மேஸ்திரி எல்லோர் கண் முன்னாலும், நன்றாக இருக்கும்போதே நிற்க வேண்டும்.

மானேஜர் குடையை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார். "நல்லாத்தானே வெட்டறாங்க," என்றார் டாக்டரம்மாவிடம். மேஸ்திரி, "இன்னிக்கு வெட்டுவாளுங்க" என்று இழுத்தார். மற்றப் பெண்களின் கத்தரிச் சத்தம் குறைந்துவிட்டது. எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

துணி கட்டிய செடி வந்தது. பூவாத்தாள் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. முன்னால் கிடந்த மீதி நிரையைப் பார்த்தாள். அவ்வளவு கொழுந்து. பிறகு கத்தரியைக் கீழே வைத்தாள். பையைக் கழற்றினாள். மானேஜருக்கு முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரிய மனிதர் நிற்கும்போது எங்கள் தோட்டத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

மேஸ்திரி பல்லைக் காட்டினார். மானேஜர் முகம் சுருங்கியது.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லைங்க தொரை."

"அப்புறம் ஏன் உக்காந்துட்டீங்க?"

"வலிக்காததாலதானுங்க உக்காந்தேன். வலிக்கறப்ப உக்காந்து என்னங்க புண்ணியம்? இப்ப உக்காந்தாத்தான் நாளைக்கு வருவேன்." அதற்குள் அவளுடைய பழைய வாய் வந்துவிட்டது. "நீங்களும் வேணும்னா உக்காருங்க. ரொம்ப நேரம் நின்னா உங்களுக்கும் வரும்."

யாரோ ஒருத்தி கொக்கரித்துச் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மானேஜர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், ஒரே வார்த்தையில சொல்லுங்க. இவங்க பிட்டா, அன்பிட்டா?"

"ரெண்டும் பொய்ங்க."

"ரெண்டுல ஒண்ணுதான் எழுத முடியும்."

"எழுதறது டாக்டர் பாடு. நான் பாத்ததைச் சொல்றேன். நல்லா இருக்கற அன்னைக்கு வெறி பிடிச்சு வெட்டிட்டு மறுநாள் படுத்தவளை நல்லா வெட்டறவள்னு சொன்னீங்க. இன்னைக்கு நிறுத்தத் தெரிஞ்சு நிறுத்தினவளைச் சோம்பேறின்னு பாக்கறீங்க. இதுல எது நாளைக்கு வேலைக்கு வரும்னு நீங்களே சொல்லுங்க."

கொஞ்சம் அதிகமாகத்தான் பேசினேன். வேலை போயிருக்கலாம். டாக்டரம்மா என்னைத் திரும்பியும் பார்க்காமல், "மார்ச் வரைக்கும் நான் எதுவும் எழுதப் போறதில்லை. இப்படியே விட்டுப் பாருங்க" என்றார். மானேஜர் கீழே பார்த்தார். பூவாத்தாள் அதற்குள் செவனம்மாவின் பையைக் கொட்டிக் குச்சி பொறுக்க ஆரம்பித்திருந்தாள். விரல்கள் கோழி கொத்துவது போலப் போய் வந்தன. "சரி, மார்ச் வரைக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

இதோடு எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். வலி போகவே இல்லை. மார்கழிப் பனியில் நடுவில் இரண்டு முறை படுத்துவிட்டாள். ஆனால் முன்னைப் போல அடிக்கடி இல்லை, அத்தனை நாள் நீளவும் இல்லை. அரை நிரைக்காரி என்று பட்டப்பேர் வைத்தார்கள். "முழு நிரைக்காரிக எல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சுல கெடக்கறீங்க, அரை நிரைக்காரி காட்டுல நிக்கறேன்" என்று அவளும் விடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

வீட்டுக்குள்தான் பெரிய சிக்கல். மகளுக்குத் தெரியக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடமாடுவாள். மகள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தையே படித்துக்கொண்டிருப்பாள். ஒருத்தி நடிக்க, ஒருத்தி கண்டுபிடிக்க, இரண்டு பேருக்கும் தூக்கம் இல்லை. நான் போய் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் திட்டினேன். காலையில் அம்மா ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: நல்லது, சுமார், மோசம். நிஜத்தைச் சொல்ல வேண்டும். மகள் அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அன்றைக்கு வலியைப் பற்றி அந்த வீட்டில் பேச்சு கிடையாது. "உங்கம்மா மூஞ்சியில உனக்குப் பரீட்சை இல்லை, புஸ்தகத்தைப் பாரு," என்று ஜோதியிடம் சொன்னேன். முறைத்தாள். ஆனால் செய்தார்கள்.

மார்ச்சில் முதல் பரீட்சை அன்று காலை. ஜோதி யூனிபாரமோடு என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாள். பின்னல்கூடப் பாதியில் நின்றிருந்தது.

"அம்மாவால அசையவே முடியலைங்க சிஸ்டர்."

ஓடினேன். பூவாத்தாள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். முகம் வெளுத்து நெற்றியெல்லாம் வேர்வை. காலை அசைக்கச் சொன்னேன், பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன், கேட்க வேண்டியதைக் கேட்டேன். புதிதாக ஒன்றும் இல்லை. பழைய வலிதான், பெரிதாக வந்திருந்தது. மகளின் பரீட்சையை நினைத்து அவள் எத்தனை இரவு தூங்காமல் இருந்தாளோ.

ஜோதி வாசல்படியில் பையைப் போட்டுவிட்டாள். "நான் போகலை. அடுத்த தடவை எழுதிக்கறேன்."

எனக்குத் தெரியும், அடுத்த தடவை என்று ஒன்று இருக்காது. இவள் இன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் அடுத்த மாதம் அந்த இலைப்பையை மாட்டிவிடுவாள். பூவாத்தாளுக்கும் அது தெரியும். பழைய பூவாத்தாளாக இருந்தால் எப்படியாவது எழுந்து நின்று, ஒன்றும் இல்லை கண்ணு, பாரு என்று அடுப்புப் பற்ற வைத்திருப்பாள். மகள் அதை நம்பாமல் அங்கேயே நின்றிருப்பாள். இப்போது அவள் எழுந்திருக்கப் பார்க்கவில்லை. தலையை மட்டும் கொஞ்சம் திருப்பினாள்.

"ஜோதி, இன்னிக்கு மோசம்."

"தெரியுதும்மா. அதான் போகலைங்கறேன்."

"மோசம்னுதான் சொன்னேன். போகாதேன்னு சொல்லலை."

"உன்னை இப்படிப் போட்டுட்டு என்னத்தை எழுதறது?"

"நீ இங்க நின்னா வலி கொறையுமா? போனாக் கூடுமா? சொல்லு."

ஜோதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்கள் இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள். அம்மாவின் முகத்தைப் படித்தே வளர்ந்தவள்.

"ஆபத்து இல்லை ஜோதி," என்றேன். "வலி இருக்கு, பெருசா இருக்கு. ஆனா ஆபத்து இல்லை. ரெண்டும் வேற வேற. இன்னைக்குப் பூராவும் இப்படித்தான் கிடப்பா. சாயங்காலம் நீ வரும்போதும் கிடப்பா. நான் பக்கத்துல இருக்கேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நான் போனதும் எந்திரிச்சு வேலைக்குப் போயிற மாட்டியேம்மா?"

"திரும்பிப் படுக்கவே முடியலை. நான் எங்கடி போறது?"

ஜோதி பையை எடுத்தாள். பின்னலை முடிந்துகொண்டே நடந்தாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். நான் கையைக் காட்டி விரட்டினேன்.

பூவாத்தாள் பாயின் ஓரத்தை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்நீர் வைக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள். கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நின்றது. மறுபடியும் கிளம்பி இறக்கத்தில் முனகிக்கொண்டு போயிற்று.

"போயிருச்சுங்களா?"

"போயிருச்சு."

"அவ ஏறிட்டாளான்னு பாருங்க சிஸ்டர்."

வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்தில் யாரும் இல்லை. "ஏறிட்டா," என்றேன்.

"அப்ப நான் கத்திக்கறேனுங்க," என்றாள்.

கத்தினாள். லைனில் கதவுகள் திறந்தன, நாய் குரைத்தது, செவனம்மா கத்தரியோடு ஓடி வந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாக என்றோ, பொறுத்துக்கொள் என்றோ நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.